அந்த ரீஸ்லிங்கைக் கொட்டிவிடாதீர்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிக்கொண்டு பதிலுக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து மூன்று பாட்டில் ரீஸ்லிங், அதாவது அந்தப் பெயருள்ள வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின், கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ரீஸ்லிங் என்றால் இனிப்பு ஒயின் என்று நினைத்து முதல் பாட்டிலைத் திறந்திருக்கிறீர்கள். லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்று இருந்தது, ஆல்கஹால் 12 சதவீதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்ததில் பல் கூசுகிற அளவுக்குப் புளித்தது. ஒரு கிளாஸோடு மூடி வைத்துவிட்டீர்கள். இரண்டாவது 2012ஆம் வருடத்து ‘ஷ்பேட்லேஸ’. அது இனித்தது, ஆனால் மூக்கருகே கொண்டுபோனதும் பெட்ரோல் பங்கில் நிற்கிற மாதிரி ஒரு வாடை. மூன்றாவது ‘கபினெட்’, 8.5 சதவீதம், இன்னும் திறக்கவில்லை. முதல் இரண்டும் கெட்டுப்போனவையா, நல்லவைதான் என்றால் எந்தச் சாப்பாட்டோடு குடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரே திராட்சை, ஒரே பள்ளத்தாக்கு, ஆனால் ஒன்று புளிக்கிறது, ஒன்று இனிக்கிறது. திறப்பதற்கு முன்னாலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது பிடிபட்டுவிட்டால் சாப்பாட்டை முடிவு செய்வது சுலபம். பன்னிரண்டு வருடம் உணவகங்களில் ஒயின் பரிமாறும் வேலை பார்த்தேன். நடுவில் ஒரு வருடம், அக்டோபர் முழுக்க மோசலில் திராட்சை பறித்தேன். அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் விவரித்த இரண்டு விஷயங்களுமே கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. கெட்டுப்போன ஒயினுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. கார்க் மூலம் கெட்டது என்றால் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை, பழைய நிலவறையின் பூஞ்சை வாடை வரும், பழ வாசனை அடியோடு போய்விடும். காற்றுப் பட்டுக் கெட்டது என்றால் நிறம் பழுப்பாகி, வெட்டி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் மாதிரி மணக்கும். வினிகர் வாடை வந்தாலும் முடிந்தது. இவை எதையும் நீங்கள் சொல்லவில்லை. கூடவே ஒன்று: பாட்டிலின் அடியிலோ கார்க்கின் நுனியிலோ கண்ணாடித் துகள் போலச் சிறு படிகங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் படிந்தது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

இனி புளிப்பு. திராட்சை பழுக்கும்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. பழத்தில் இருக்கும் இரண்டு முக்கிய அமிலங்களில் டார்டாரிக் பெரிதாக மாறுவதில்லை. மாலிக் அமிலத்தை, அதாவது பச்சை ஆப்பிளில் இருக்கும் புளிப்பை, கொடி தன் சுவாசத்துக்குச் செலவழித்துக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் சூடாக இருக்கும் இடத்தில் அது வேகமாகத் தீர்ந்துவிடும். மோசல் போல இரவில் நன்றாகக் குளிரும் இடத்தில் மெதுவாகத்தான் குறையும். அதனால் பழம் முழுதாகப் பழுத்து, வாசனை எல்லாம் ஏறிய பிறகும் புளிப்பு மிச்சம் நிற்கிறது. ஒரு லிட்டருக்கு 7 முதல் 9 கிராம் அமிலம் என்பது இந்தப் பக்க ரீஸ்லிங்கில் சாதாரணம். வெப்பமான இடத்து வெள்ளை ஒயின்களில் 5, 6 கிராம்தான் இருக்கும். பல ஒயின்களில் இந்த மாலிக் புளிப்பைப் பாக்டீரியாவை விட்டு மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுவார்கள், அதனால்தான் அவற்றில் வெண்ணெய் வாசனை. ரீஸ்லிங்கில் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. புதிய ஓக் பீப்பாயிலும் வைப்பதில்லை. ஸ்டீல் தொட்டி, இல்லாவிட்டால் மோசலில் ‘ஃபூடர்’ என்று சொல்லும் ஆயிரம் லிட்டர் பழைய மரப்பீப்பாய். ஆகவே புளிப்பை மூடி மறைக்க எதுவும் இல்லை. நீங்கள் குடித்தது அதன் எலும்பு தெரிகிற சுவையை.

பறிக்கும் இடத்தில் இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். மோசல் ஏறக்குறைய வடக்கு 50 பாகையில் இருக்கிறது, திராட்சைக்கு அது எல்லைக்கோடு. ஆற்றங்கரைச் சரிவுகள் செங்குத்தானவை. ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை சாய்ந்து ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான தோட்டங்களில் ஒன்றாக இருக்கிறது. தெற்கு பார்த்த சரிவில்தான் கொடி, வெயில் நேராக விழட்டும் என்று. தரை முழுக்கச் சிலேட்டுக் கல், பள்ளிக்கூடத்தில் எழுதும் அதே கறுப்புப் பலகைக் கல், விரல் அகலச் சில்லுகளாக. நடந்தால் காலடியில் சலசலவென்று சரியும். ஒரு கையில் கொடியின் கழியைப் பிடித்துக்கொண்டுதான் மறுகையால் வெட்டுவோம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி முகத்தில் குளிர் அடிக்கும் நேரத்தில் அந்தச் சில்லு ஒன்றை எடுத்துக் கையில் வைத்தால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. பழத்தைக் கடித்தால் முதலில் தேன் போன்ற இனிப்பு, அப்புறம் தோலின் மெல்லிய கசப்பு, கடைசியில் தாடை ஓரம் சுண்டி இழுக்கும் புளிப்பு. மூன்றும் ஒரே பழத்தில். பிறகு எந்த ரீஸ்லிங் குடித்தாலும் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வருகிறது.

இந்தக் கொடி இங்கே நிலைத்ததற்குக் காரணம் அதன் கட்டை பனியைத் தாங்கும் என்பது. துளிர் விடுவதும் தாமதம், பழுப்பதும் தாமதம். 1435இல் ரூசல்ஸ்ஹைமில் ஒரு பிரபுவின் கணக்குப் புத்தகத்தில் ரீஸ்லிங் கொடி வாங்கியதாக எழுதியிருக்கிறது. இந்தப் பெயருக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய ஆதாரம் அதுதான். 1787இல் ட்ரியர் நகரத்து ஆட்சியாளர் க்ளெமென்ஸ் வென்ஸெஸ்லாஸ் மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல கொடிகளை நடச் சொல்லி உத்தரவு போட்டார். மோசலில் ரீஸ்லிங் பரவியதற்கு அது பெரிய காரணம்.

சரி, இவ்வளவு புளிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கேதான் சர்க்கரை வருகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. கடைசிவரை தின்ன விட்டால் ட்ரோக்கன், அதாவது இனிப்பற்றது. நடுவில் குளிரவைத்து நிறுத்திவிட்டால் மிச்சச் சர்க்கரை ஒயினில் தங்குகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால். ஆகவே ஒயினில் ஆல்கஹால் குறைவு என்றால் அந்தச் சர்க்கரை வேறெங்கும் போகவில்லை, பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மன் ரீஸ்லிங்குக்கு நான் எல்லோரிடமும் சொல்லும் வழி இது: லேபிளில் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 7.5லிருந்து 9 வரை இருந்தால் இனிப்பு தெளிவாகத் தெரியும். 11.5க்கு மேலே என்றால் இனிப்பை எதிர்பார்க்க வேண்டாம். நடுவில் இருந்தால் லேசான இனிப்பு, ‘ஹால்ப்ட்ரோக்கன்’ அல்லது ‘ஃபைன்ஹெர்ப்’ என்ற சொல்லும் பெரும்பாலும் கூடவே இருக்கும். இது நூற்றுக்கு நூறு விதி இல்லை. பிரான்ஸின் அல்சாஸில் 13 சதவீதம் போட்டிருந்தும் இனிப்பு மிச்சமிருந்த பாட்டில்களைத் திறந்திருக்கிறேன். பழம் அதிகம் பழுத்தால் ஆல்கஹாலும் ஏறி, சர்க்கரையும் மிஞ்சலாம். 2021ஆம் வருடத்து அறுவடையிலிருந்து அங்கே இனிப்பின் அளவை லேபிளில் எழுதுவது கட்டாயமாகிவிட்டதால் இப்போது அந்தக் குழப்பம் குறைந்திருக்கிறது.

கபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ என்ற சொற்கள்தான் எல்லோரையும் திசைதிருப்புகின்றன. அவை பாட்டிலில் உள்ள இனிப்பைச் சொல்வதில்லை. 1971இல் வந்த ஜெர்மன் ஒயின் சட்டப்படி, பறிக்கும்போது திராட்சைச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை வைத்துக் கொடுக்கும் படிநிலை அது. கபினெட் கீழ்ப்படி, அடுத்தது ஷ்பேட்லேஸ, அதாவது தாமதமாகப் பறித்தது, அடுத்தது அவுஸ்லேஸ, அதாவது பொறுக்கியெடுத்தது. அதற்கும் மேலே பேரன்அவுஸ்லேஸ, ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸ. இவை பாட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழங்களைக் கையால் பொறுக்கிச் செய்பவை, நிச்சயம் இனிப்பு. கபினெட்டோ ஷ்பேட்லேஸவோ பக்கத்தில் ‘ட்ரோக்கன்’ என்ற சொல்லும் சேர்ந்து வரலாம், அப்போது அது இனிக்காது. ட்ரோக்கன் என்பதற்கும் சட்டத்தில் எல்லை உண்டு. அமிலம் போதுமான அளவு இருந்தால் லிட்டருக்கு 9 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். அந்த 9 கிராமும் நாக்குக்குத் தெரியாது, புளிப்பு அதை விழுங்கிவிடும்.

எவ்வளவு விழுங்கும் என்பதற்கு ஓர் உதாரணம். மோசல் கபினெட் ஒன்றில் லிட்டருக்கு 40, 45 கிராம் சர்க்கரை இருப்பது சகஜம். எண்ணாகக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் குடித்தால், பழுத்த பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி, இனிப்பு முன்னால் வந்து உடனே விலகி வாயைச் சுத்தமாக விட்டுவிடும். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை போட்டுக் கலக்குகிறோமே, சாறு கூடினால் சர்க்கரையும் கூட வேண்டும், இரண்டும் சமமானால் ‘இனிக்கிறது’ என்றோ ‘புளிக்கிறது’ என்றோ சொல்லத் தோன்றாது. ரீஸ்லிங்கும் அதே கணக்குதான். சர்வதேச ரீஸ்லிங் அமைப்பு என்று ஒன்று வைத்திருக்கும் அளவுகோலும் சர்க்கரையைத் தனியாகப் பார்க்காமல், சர்க்கரைக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் பார்க்கிறது. சர்க்கரை அமிலத்தைவிடக் குறைவாக இருந்தால் இனிப்பற்றது, இரண்டு மடங்கு வரை லேசான இனிப்பு, நான்கு மடங்கு வரை நடுத்தர இனிப்பு, அதற்கு மேல் இனிப்பு. சில பாட்டில்களின் பின்லேபிளில் இந்தக் கோடு அம்புக்குறியோடு அச்சாகியிருக்கும். இருந்தால் அதை நம்பி வாங்கலாம்.

இரண்டாவது பாட்டிலின் பெட்ரோல் வாடைக்கு வருகிறேன். இதன் காரணம் நன்றாகவே தெரிந்தது. டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு சேர்மம். வெயில் பட்ட திராட்சைத் தோல், கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து அதற்கான மூலப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. பாட்டிலுக்குள் வந்த பிறகு ஒயினின் அமிலம் வருடக்கணக்கில் அதை மெதுவாக டிடிஎன்னாக மாற்றுகிறது. மற்ற திராட்சைகளைவிட ரீஸ்லிங்கில் இந்த மூலப்பொருள் அதிகம், புளிப்பும் அதிகம். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். வெயில் அதிகமுள்ள ஆஸ்திரேலியாவின் ரீஸ்லிங்கில் இது சீக்கிரமே வந்துவிடுவதும் இதனால்தான். கார்க் டிடிஎன்னில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், திருகுமூடி உறிஞ்சாது.

இது குறையா, சிறப்பா என்பதில்தான் ஒருமித்த கருத்து இல்லை. சில தயாரிப்பாளர்கள் அந்த வார்த்தையைக் கேட்கவே விரும்ப மாட்டார்கள். சில வாடிக்கையாளர்கள் அதற்காகவே பழைய பாட்டில் கேட்பார்கள். என் அபிப்பிராயம் வயதைப் பொறுத்தது. இரண்டு வருட ஒயினில் அது தூக்கலாக இருந்தால் பழம் வெயிலில் வாட்டப்பட்டது என்று நினைப்பேன், வாங்க மாட்டேன். பத்து வருடம் தாண்டிய ஷ்பேட்லேஸவில் அது இருக்க வேண்டும், ஆனால் தனியாக இருக்கக் கூடாது. பின்னால் தேன்மெழுகு, உலர்ந்த ஆப்ரிகாட், வறுத்த ரொட்டியின் ஓரம் என்று வேறு வாசனைகள் வரிசையாக வர வேண்டும். உங்கள் பாட்டிலில் அவை இருந்திருக்கலாம், முதல் வாடையில் அதிர்ந்து நீங்கள் கிளாஸை இறக்கியிருப்பீர்கள். அடுத்த முறை ஊற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். கிளாஸைச் சுழற்றி மறுபடி முகருங்கள். பெட்ரோல் பின்வாங்கி மற்றவை மேலே வரும்.

இன்னொரு சந்தேகமான விஷயம், நீங்கள் இதைப் பற்றித் தேடினால் உடனே எதிர்ப்படும் என்பதால் சொல்கிறேன்: ‘சிலேட்டுக் கல்லின் சுவை’. மோசல் ரீஸ்லிங்கில் நனைந்த கல்லின் மணம் இருப்பதாக நானும் எழுதியிருக்கிறேன், அப்படி ஒரு மணம் வருவது உண்மைதான். ஆனால் கல் கரைந்து வேர் வழியே ஏறிப் பழத்துக்குள் வந்தது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதை விரிவாக மறுத்து எழுதியிருக்கிறார். பாறைக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை, கொடி எடுத்துக்கொள்ளும் தாதுக்களின் அளவு நாக்குக்கு எட்டாது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. சிலேட்டு வெப்பத்தைச் சேமிக்கிறது, மழைநீரைத் தேங்க விடாமல் வடிக்கிறது, அதன் வழியாக ஒயினை மாற்றுகிறது. இது உறுதி.

சாப்பாட்டுக்கு வருவோம். ரீஸ்லிங்கிடம் புளிப்பு உண்டு, சில சமயம் இனிப்பு உண்டு, ஆல்கஹால் குறைவு. ஓக்கும் இல்லை, வாயை வறட்டும் டானினும் இல்லை. சேர்க்கை எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உங்கள் ட்ரோக்கனிலிருந்து தொடங்கலாம். அதன் புளிப்புக்குக் கொழுப்பும் உப்பும் தேவை. மொறுமொறுவென்று பொரித்த மீன், எலுமிச்சை பிழிந்து சாப்பிடும் எதுவும், இதோடு சேரும். எலுமிச்சையின் வேலையை ஒயின் செய்துவிடும். பன்றி இறைச்சிக்கு இதைவிடப் பொருத்தமான வெள்ளை ஒயின் எனக்குத் தெரியாது. அல்சாஸில் புளிக்கவைத்த முட்டைக்கோஸின் மேல் சாசேஜும் உப்புக்கண்டமும் அடுக்கி வேகவைக்கும் ஷூக்ரூட் என்ற உணவு உண்டு, அதை ரீஸ்லிங் ஊற்றியே சமைத்து ரீஸ்லிங்கோடே சாப்பிடுகிறார்கள். அதில் ஒரு பாடமும் இருக்கிறது: சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் தண்ணீர் போல ஆகிவிடும். வினிகர் போட்ட சாலட்டும் ஊறுகாய்க் காய்களும் பெரும்பாலான ஒயின்களைக் கொன்றுவிடுவது இதனால்தான். அவற்றோடு தாக்குப்பிடிக்கும் சில ஒயின்களில் இது ஒன்று. புகையூட்டிய ட்ரௌட் மீன், வெண்ணெயில் வதக்கிய ஸ்காலப், ஆட்டுப்பால் சீஸ், வியன்னா ஷ்னிட்செல் எல்லாம் இதன் கூட்டாளிகள். ஜெர்மனியில் வசந்தகாலம் முழுக்கச் சாப்பிடும் வெள்ளை அஸ்பாரகஸுக்கும் இதைத் தருவார்கள். அதில் மட்டும் நான் சில்வானர் திராட்சையின் ஒயினுக்கே ஓட்டுப் போடுவேன். அஸ்பாரகஸின் கசப்பும் ரீஸ்லிங்கின் புளிப்பும் ஒன்றையொன்று கூட்டிக்காட்டுகின்றன.

காரத்தோடு ரீஸ்லிங் சேரும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். எந்த ரீஸ்லிங் என்று சொல்லாமல் விட்டுவிடுவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். தாய்லாந்து முறையில் பச்சை மிளகாய் இடித்துப் போட்ட பப்பாளிக்காய் சாலட்டுக்கு, ரீஸ்லிங் என்ற பெயரை மட்டும் நம்பி, 13 சதவீத ட்ரோக்கனை ஊற்றினேன். சாப்பிட்ட அம்மா இரண்டாவது வாயில் கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. காரணம் பிறகு படித்தபோது தெரிந்தது. மிளகாயின் கேப்சைசினும் சூடும் நாக்கில் ஒரே உணர்வியைத்தான் தட்டுகின்றன. சாதாரணமாகச் சுமார் 42 பாகை செல்சியஸில் ‘சுடுகிறது’ என்று சொல்லும் அந்த உணர்வி, ஆல்கஹால் பட்டால் 34 பாகையிலேயே சொல்லத் தொடங்கும் என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாயின் வெப்பமே அதற்கு மேல். ஆக, ஆல்கஹால் அதிகமான ஒயின் காரத்தின் மேல் எண்ணெய் ஊற்றுகிறது. சர்க்கரை அதற்கு எதிர்வேலை செய்கிறது. அதனால் காரத்துக்கு வேண்டியது 8, 9 சதவீத கபினெட் அல்லது இளம் ஷ்பேட்லேஸ.

அந்தப் பப்பாளிக்காய் சாலட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எலுமிச்சைப் புளிப்பு, மீன் சாஸின் உப்பு, பனைவெல்லத்தின் இனிப்பு, மிளகாய் நான்கும் இருக்கின்றன. கபினெட்டின் புளிப்பு எலுமிச்சைக்கு ஈடுகொடுக்கும், சர்க்கரை மிளகாயைத் தணிக்கும், உப்பு ஒயினின் பழ வாசனையைத் தூக்கிவிடும். இதைப் பிறகு நூறு முறையாவது பரிமாறியிருப்பேன், ஒரு முறையும் கிளாஸ் மிச்சம் வந்ததில்லை. வியட்நாம் உணவுக்கும், இஞ்சியும் சோயாவும் சேர்ந்த இனிப்புக் கார உணவுகளுக்கும் இதுவே பொருந்தும். ஆனால் கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காரம் என்றால் எந்த ஒயினும் உதவாது, அது எதன் சுவையும் தெரியாத நிலை. நுரைக்கும் ரீஸ்லிங்கையும் காரத்தோடு தவிர்த்துவிடுங்கள், குமிழி எரிச்சலைக் கூட்டும்.

உங்கள் 2012 ஷ்பேட்லேஸ வேறு வகை. வயதாக ஆக இந்த ஒயின்கள் இனிப்புக் குறைந்தவை போலத் தோன்றும். சர்க்கரையின் அளவு குறைவதில்லை. நாக்குக்கு ஏன் அப்படித் தெரிகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள், எதுவும் முடிவானதில்லை. அனுபவத்தில் மட்டும் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. இதை மிளகாயோடு வீணாக்காதீர்கள். மெதுவாக வறுத்த வாத்து, ஆப்பிளோடு வேகவைத்த பன்றி இறைச்சி, ஈரல் பேட்டே, காளான் போன்றவற்றோடு குடியுங்கள். கொழுப்பும் லேசான இனிப்பும் ஆழமும் உள்ள சமையல்தான் தேன்மெழுகு வாசனைக்கு இடம் கொடுக்கும். அவுஸ்லேஸ ஒன்று கையில் கிடைத்தால் நீலப்பூஞ்சை சீஸோடு ஒரு முறை முயன்று பாருங்கள். உப்பின் மேல் இனிப்பு படும்போது இரண்டும் கூர்மை குறைந்து உருண்டுபோகும்.

இனிப்புப் பலகாரத்தோடு ஜாக்கிரதை. பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயினில் புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். க்ரீம் தடவிய கேக்கோடு ஷ்பேட்லேஸ குடித்தால் அதுவும் உங்கள் முதல் பாட்டில் மாதிரிப் பல் கூசும். ஆப்பிள், பீச் வைத்துச் சுட்ட, சர்க்கரை குறைந்த டார்ட்டுக்கு அவுஸ்லேஸ போதும். சாக்லேட்டோடு எந்த ரீஸ்லிங்கும் சேராது. மாட்டிறைச்சி ஸ்டேக்கோடும் தவிர்க்கலாம். அது டானின் கேட்கும் உணவு.

வேறு நாட்டு ரீஸ்லிங் கிடைத்தாலும் கணக்கு இதேதான், முகம்தான் வேறு. அல்சாஸ் கனமானது, பெரும்பாலும் இனிப்பற்றது. வோஜ் மலைகள் மழையைத் தடுப்பதால் அங்கே பழம் நன்றாகப் பழுக்கும். ஆஸ்திரியாவின் வாஹாவும் அப்படித்தான், அங்கே ‘ஸ்மராக்ட்’ என்று போட்டிருந்தால் 12.5 சதவீதத்துக்குக் குறையாத திடமான ஒயின். நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் எனக்குப் பிடித்த இடம். கொடியைக் கொல்லும் குளிர் உள்ள ஊர், ஆழமான ஏரிகள் வெப்பத்தைச் சேமித்துக் கரையோரத்தைக் காப்பாற்றுகின்றன. அங்கே ஐரோப்பியக் கொடிகள் பிழைக்காது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1951இல் அமெரிக்கா வந்த கான்ஸ்டான்டின் ஃபிராங்க் அவற்றைத் தகுந்த வேரில் ஒட்டுக்கட்டி வளர்த்துக் காட்டினார். மோசலும் மாறிக்கொண்டு வருகிறது. முன்பு நல்ல வெயில் வாய்த்த வருடத்தில்தான் பழம் முழுதாகப் பழுத்தது, இப்போது அநேகமாக ஒவ்வொரு வருடமும் பழுக்கிறது. கொடியிலேயே உறைந்த பழத்தில் செய்யும் ஐஸ்வைனுக்கு மைனஸ் 7 பாகையாவது வேண்டும். 2019ஆம் வருட அறுவடைக்கு அந்தக் குளிர் ஜெர்மனி முழுக்க எங்குமே வராமல் போனது. நான் கபினெட்டை வற்புறுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். புளிப்பு குறையாத அந்த மெல்லிய ஒயினைச் செய்வது இப்போது முன்னைவிடக் கடினமாகிக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் மூன்று பாட்டில்கள். ட்ரோக்கனைக் கொட்ட வேண்டாம். ஃப்ரிட்ஜின் நான்கு பாகைக் குளிரில் வாசனை எழாது, புளிப்பு மட்டும் ஊசியாகக் குத்தும், வெறும் வாயில் குடித்தால் இன்னும் மோசம். வெளியே எடுத்து இருபது நிமிடம் வைத்து, 10 முதல் 12 பாகைக்கு வந்ததும் பொரித்த மீனோடு குடியுங்கள். திறந்த ரீஸ்லிங்கை இந்தப் புளிப்பே காப்பாற்றும், மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். ஷ்பேட்லேஸவில் மிச்சம் இருந்தால் 10 பாகையில், அகலமான கிளாஸில் ஊற்றி, முன்பு சொன்ன பதினைந்து நிமிடத்தைக் கொடுங்கள். கபினெட்டைத் தனியாகத் திறக்காதீர்கள். மிளகாயும் எலுமிச்சையும் உப்பும் சேர்ந்த ஒரு சமையல் தயாராகும் நாளுக்கு வைத்திருந்து, 8 பாகைக் குளிரில் எடுங்கள். சாப்பிடுவதற்கு முன் ஒரு வாய் குடித்து இனிப்பு எவ்வளவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு அதே கிளாஸிலிருந்து இன்னொரு வாய் குடியுங்கள். இனிப்பு காணாமல் போயிருக்கும், முதலில் தெரியாத பீச் பழமும் எலுமிச்சைத் தோலும் வந்திருக்கும்.